கலனுக்குப் பதினேழு

ஒரு கலனுக்குப் பதினேழு மைல்தான் ஓடியது.
ஞாயிறு பூசைக்கு ஒருதரம்,
மாதம் ஒருமுறை தியத்தலாவைக்கு,
மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டிலில்
பனி குடித்துக் கிடக்கும் மொறிஸ் மைனர்
இவ்வளவு பெற்றோலை எப்படிக் குடிக்கும்?

செட்டில் அளவு குறைவென்றேன்.
பிறகு, சொல்ல வெட்கம்,
பக்கத்து வீட்டு சசிமோகனின் ரப்பர் குழாயைப் பார்த்தேன்.
கரட் பாத்திக்குத் தண்ணீர் விடும் குழாய்.
டாங்கி மூடிக்குப் பூட்டுப் போட்டேன்.
போட்ட பிறகும் பதினேழு.

பண்டாரவளையிலிருந்து நிஸ்தார் பாஸ் வந்தார்.
பொனெட்டைத் திறக்கவில்லை.
பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக்
கையால் சுழற்றினார்.
அரைச்சுற்று. நின்றது.
"ஹேண்ட்பிரேக் கேபிள் துரு, மிஸ்.
நீங்க விட்டாலும் அது விட்டபாடில்ல."

அப்புறம்தான் காபரேட்டர்.
கொழும்புக் காற்றுக்கு அளந்த கலவையாம்;
இந்த உயரத்தில் காற்று மெலிவு,
பெற்றோல் மட்டும் அதே தாராளம்.
நட்டை இரண்டு முகம் ஏற்றினார்.
புகைக்குழாய்க்குள் விரலை விடச் சொன்னார், விட்டேன்.
விபூதிப் புதனுக்கு மூன்று மாதம் இருக்க
என் பெருவிரலில் கரி.

ஜாக்கி புதையாமலிருக்கப் பலகை கொண்டுவந்தவன் சசிமோகன்.
யாரும் கூப்பிடவில்லை.
நாலு டயருக்கும் பம்ப் மிதித்தான்,
பிளேன்டீ குடித்தான், போனான்.
போகும்போது அந்த மூடியைப் பார்த்தானா
தெரியவில்லை.

கொப்பியில் எழுதினேன்: இருபத்தொன்பது.
அதற்குக் கீழே எழுத
இன்னொன்று இருந்தது.
எழுதவில்லை.
ஹப்புத்தளை மேட்டில்
பேர்சுக்குள் சில்லறையோடு
கிலுங்கிக்கொண்டே வருகிறது
பூட்டின் சாவி.