முதுகு

நான் குவைத்துக்குப் போனபோது இந்தப் பூனை இல்லை.
நாலு வருடம் கழித்து வந்து பார்த்தால்
காம்பராவில் அதற்கென்று ஒரு சாக்கு,
விளிம்பு நசுங்கிய தட்டு,
டின்மீன் என்று ஒரு பெயர்.
எனக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

முதல் வாரம் இஸ்தோப்பிலேயே நின்று பார்த்தது.
காதிரண்டும் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.
வால் ஒருதரம் சிமெந்தைத் தட்டும், ஓயும்,
பிறகு இன்னொரு தரம்.
கோபமில்லை. இன்னும் முடிவெடுக்கவில்லை.

எனக்கா தெரியாது?
பாஷை புரியாத வீட்டில்
மேடத்தின் செருப்புச் சத்தத்தை வைத்து
அன்றைய பொழுதைப் படித்தவள்.
சாவியை மேசையில் வைக்கிறாளா, எறிகிறாளா;
குளிர்சாதனப் பெட்டியை மூடும் கை
எந்தக் கனத்தில் மூடுகிறது.
கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடாதென்பதை
இரண்டாம் நாளே படித்துவிட்டேன்.

அந்தப் படிப்பு பொகவந்தலாவையில்
ஒரு பூனையிடம் செல்லுபடியாகுமென்று யார் கண்டது?
அடுத்த காம்பரா அந்தோனியம்மா
"வாடி என் தங்கம்" என்று கண்ணை விரித்து
மேலிருந்து கையை இறக்கினால்
அது அலுமாரிக்கடியில் போய்விடும்.
நான் தரையைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு சீவுவேன்.
வந்தது.
நீட்டிய விரலை மூக்கால் தொட்டது, ஈரமாக.
கன்னத்தை என் முழங்காலில் ஒருமுறை தேய்த்துவிட்டு
வேறு வேலை இருப்பதுபோல் போனது,
வாலை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து,
கேள்விக்குறியாக.

யோகராஜுக்கு இன்னும் பிடிபடவில்லை.
வயிற்றைக் காட்டிப் படுத்ததைத் தடவப்போய்
மணிக்கட்டில் மூன்று கீறல்.
"காட்டுறது வேற, குடுக்கிறது வேற,"
என்றாள் வினுஷிகா.
பூனையிடம்தான் சொன்னாள்.
அவன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பை ஊதினேன்.

வினுஷிகாவுக்கு ஆறு வயது.
நான் விமானம் ஏறியபோது இரண்டு.
என்னிடம் அவள் பேசுவதெல்லாம் டின்மீன் வழியாக:
"டின்மீன், அவங்ககிட்ட உப்பு எங்கன்னு கேளு."
"டின்மீன், நாளைக்கு ஸ்கூல் இருக்குன்னு சொல்லு."
பூனை கேட்காது, சொல்லாது.
நான் உப்பை எடுத்துக் கொடுப்பேன்.

கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறந்தால்
அதுவும் அப்படியே மூடித் திறக்கிறது.
இதை ஒருநாள் ரொட்டி தின்னும்போது
மகளிடமும் செய்து பார்த்தேன்.
"டின்மீன், அவங்க கண்ணுல என்ன விழுந்திருச்சி?"

கூரைத் தகரத்தில் மழை
ஒருவர் பேச்சும் கேட்காதபடி கொட்டிய சாயங்காலம்,
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பூனை
அடுப்பைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டியது.
உண்மையில் வலித்தது.
புறமுதுகு காட்டுவது இழிவென்றுதானே
பள்ளிக்கூடத்தில் எழுதினோம்.

"பயமிருந்தா மூஞ்சியத்தான் காட்டும்,"
என்றது கதவோரத்துக் குரல்.
"முதுகுல அதுக்கு ஏது கண்ணு."
டின்மீன் என்ற விளி அன்று இல்லை.
யாரிடம் சொன்னாளென்று நான் கேட்கவுமில்லை.

திங்கட்கிழமை. பனி இஸ்தோப்புவரை ஏறியிருந்தது.
யோகராஜ் பெரட்டுக்குப் போய்விட்டான்.
வெள்ளைக் கவுனை மாட்டிக்கொண்டு
கைக்கெட்டாத சிப்போடு
அறை நடுவில் அவள் கொஞ்சநேரம் சுற்றினாள்.
பூனையைப் பார்த்தாள். அது காலை நக்கிக்கொண்டிருந்தது.

பிறகு என் முன்னால் வந்து
பேசாமல் திரும்பி நின்று
முடியை ஒருகையால் முன்னே இழுத்துப் பிடித்தாள்.

சின்ன முதுகு. எலும்பு எண்ணலாம்.
இடது தோளில் ஒரு மச்சம்,
நான் போகும்போது மிளகளவு.

என் கை குளிர்ந்திருந்தது.
சேலையில் துடைத்து, உள்ளங்கையில் ஊதிக்கொண்டேன்.
பாதியில் சிப் மாட்டிக்கொண்டது.
வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது, இரண்டு தரம்.
அவள் அசையவில்லை.
நானும் இழுக்கவில்லை.