மண் பிளஸ்

பெட்டிக்குள் இரண்டு ரிமோட், ஒரு சைரன்,
ஒன்பது நிறத்தில் வயர்.
சீன எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு காரின் படம்.
அந்தக் காரை மட்டக்களப்பில் நான் கண்டதில்லை.

மிஸ் ஒலிவியா ரகல் பில்லையும் சேர்த்துத் தந்தா:
பஞ்சிகாவத்தையில் ஏழாயிரத்து ஐந்நூறு.
போன மாதம் புளியந்தீவு ஒழுங்கையில்
இரவோடு இரவாக நாலு வீல் கப்பும் போய்விட்டது.
ஐம்பத்திநாலாம் ஆண்டு மொரிஸ் மைனர்.
"அதுகள இனி எங்க தம்பி தேடுற?"

கறுப்பு வயர் பொடிக்கு. அது எல்லாருக்கும் தெரியும்.
ஆனால் இந்தக் காரில் மண் பிளஸ்.
பற்றரியின் சிவப்புக் கால் சேஸியில் ஊன்றி நிற்க
மைனஸ்தான் வயர் வழியே ஊர் சுற்றுகிறது.
புதுப் பெட்டியை அப்படியே கொழுவினால்
ஒரு புகை, ஒரு மணம்,
ஏழாயிரத்து ஐந்நூறும் சரி.

"அப்ப காரத் திருப்பு" என்றா,
நேற்று வந்த மருமகளுக்காக
வீடு முழுக்கப் பாஷையை மாற்றுவது போல.

பல்புக்குத் திசை இல்லை. ஹோனுக்கும் இல்லை.
கொயிலில் இரண்டு வயரை இடம் மாற்றினேன்.
துணி சுற்றிய பழைய வயர்கள்,
சிவப்பும் பச்சையும் எல்லாம் இப்போது தேயிலைச் சாயம்,
ஒவ்வொன்றாய் டெஸ்ட் லாம்பால் தொட்டுப்
பெயர் கேட்கவேண்டி இருந்தது.
பற்றரியைத் திருப்பி வைத்தேன்.
டைனமோவுக்குத்தான் தனியாகச் சொல்லவேண்டும்:
எஃப் என்ற முனையில் வயரை
ஒரு தரம், ஒரே ஒரு தரம், தட்டி எடுக்க
நீலமாய் ஒரு பொறி.
எழுபது வருடமாய்ப் பிடித்துக்கொண்டிருந்ததை
அதோடு விட்டுவிட்டது.
மனிசருக்கும் இப்படி ஒரு முனை இருந்தால்
எங்கே இருக்கும் என்று கஜிதரன் கேட்டான்.
அரை இஞ்சி ஸ்பானரைத் தா என்றேன்.

கதவில் பட்டன் கிடையாது.
பழைய பிரிட்ஜ் இரண்டில் கழற்றியதைப் பூட்டினேன்.
பொடியில் துளை போடக்கூடாது என்று
மிஸ் முதலே சொல்லியிருந்தா.
போடவும் இல்லை.
வலப்பக்கத் தூணில் ஏற்கெனவே ஒன்று இருந்தது,
கடலை அளவில்,
விளிம்பு உள்ளே மடிந்து.
எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை, அவ சொல்லவும் இல்லை.
வயர் அதற்குள் சரியாகப் போனது.
வெட்டாமல் இருக்க ரப்பர் வளையம் ஒன்று போட்டேன்.

பிறகு சென்சர்.
கையால் தட்ட, கத்தியது.
மெயின் ரோட்டில் பஸ் போக, கத்தியது.
அடுத்த வளவில் தென்னோலை விழ, கத்தியது.
திருகாணியை அரைச் சுற்றுக் குறைத்தேன்.
காதைப் பொத்திக்கொண்டு நின்ற மிஸ்
கையை எடுத்துச் சொன்னா:
"தொண்ணூறில இது கத்தியிருந்தா
நாங்க விளக்க நூத்திட்டு
கட்டிலுக்குக் கீழ போயிருப்பம்."
சொல்லிவிட்டு ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டா.
டாஷ்போர்டில் சின்னச் சிவப்பு லைட்
இமைக்கத் தொடங்கியது.

மூன்றாம் இரவு இரண்டு பத்துக்குப் போன்.
"தம்பி, அடிச்சது.
ஏழு பேர் வந்தாங்க.
பார்மசி றிஸ்வி டோர்ச்சோட.
தவனேசன் ஒரு கையில சாரம், மற்றக் கையில உலக்க.
எதிர்வீட்டுப் பிள்ள வீடியோ எடுத்துக்கொண்டு.
எனக்குப் பேர் தெரியாத ரெண்டு பேர்,
பின் வளவுக்குப் புதுசா வந்தவங்களாம்."

ஆர் மிஸ், ஆள் ஆர்?

"பூனை. பொனட்டில.
இன்னும் இருக்கு, இறங்குதில்ல."

நாளைக்கு வந்து இன்னும் குறைக்கிறேன் என்றேன்.
அவவுக்குப் பின்னால் ஆரோ
சீனி எங்கே என்று கேட்பதும்
கோப்பை உரசுவதும் கேட்டது.
"அவசரமில்ல மனே" என்றா. "மறுகா வாவன்."

என் வீடு கல்லடி.
வாவிக்கு அங்கால் எவ்வளவு கத்தினாலும்
எனக்குக் கேட்காது.
நித்திரை வரவில்லை.
கொயில் பக்கத்துச் சோல்டருக்கு
ஸ்லீவ் போட்டேனா, இல்லையா என்று
விடியும் வரைக்கும்
விரலால் காற்றில் தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.