கீழே கிடந்தவை

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்.
அட்டவணையில் 'நன்னெறி' என்று இருக்கும்.
அந்நேரம் காசிமேட்டில் காற்று திரும்பும்,
காலை ஏலத்தின் மிச்ச வாடை
ஜன்னல் வழியே வந்து
பெஞ்சில் இடம் கேட்டு உட்காரும்.
இரண்டாம் வகுப்பு. பதிவேட்டில் முப்பத்தெட்டுப் பேர்.
வந்திருந்தது முப்பத்தொன்று.

புத்தகத்தில் ஒரு பையன் இருக்கிறான்,
கால்சட்டை மடிப்புக் கலையாத பையன்.
இருபுறமும் மரங்கள் உள்ள சாலையில் நடக்கிறான்.
ஒரு மணிபர்ஸைக் கண்டெடுக்கிறான்.
போலீஸ்காரர் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார்.
அந்தச் சிரிப்பின் மேல் விரலை வைத்து
"யார் மிஸ் இது?" என்றான் லிங்கேஷ்.
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"சரி, கீழே ஒரு பொருள் கிடந்தால்
என்ன செய்யணும்?"

உரியவரிடம் கொடுக்கணும் மிஸ் என்று
ஒரே குரலில் வர வேண்டும்.
வந்தது இது:
"இன்னா பொருள் மிஸ்?"

ஐஸ் லாரியிலேர்ந்து வுயுந்த மீன்னா எட்த்துக்கலாம்,
லாரிக்காரன் திரும்பியே பாக்க மாட்டான்.
"கூடையிலேர்ந்து வுயுந்தா?"
"யாரு கூடை?"
செல்சியா எழுந்து நின்று சொன்னாள்:
தலையில கூடை வெச்சினு போற அக்காவோடதுன்னா
ஓடிப்போயி குட்த்துடணும்,
அவங்களால குனிய முடியாதுல்ல.

மழைத்தண்ணியில மெதந்து வந்த குடத்தை
மூணு நாள் வாசல்ல வெக்கணும்.
யாரும் கேக்கலைன்னா நம்மளது.
ஒத்தைச் செருப்பைத் தொடக் கூடாது,
அதோட ஆளு தேடினு வருவான்.
ரயில்வே இரும்பு வேணவே வேணாம் மிஸ்,
காயலாங்கடையில வாங்க மாட்டாங்க.
(இதைச் சொன்னது ஹசீனா,
ரொம்ப வருத்தத்தோடு.)

கரும்பலகையில் நான்
'நேர்மை' என்று பெரிதாக எழுதியிருந்தேன்.
அதன் கீழே இத்தனை சட்டங்களுக்கு
இடம் விட்டிருக்கவில்லை.

தேசப்பன் மட்டும் பேசாமல் இருந்தான்.
மதியம் சமையலக்காவோடு
முட்டை வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வருகிறவன்.
சமீபத்தில்தான் எண்ணக் கற்றுக்கொண்டவன்,
அதனால் எதையும் எண்ணாமல் விடுவதில்லை.

"மிச்சமான முட்டை யாரோடது மிஸ்?"

தட்டுகள் முப்பத்தொன்று.
ஏட்டில் முப்பத்தெட்டு.
ஓரத்தில் என் கையெழுத்து,
முதல் எழுத்துக்கு மட்டும் நான் போடும் சுழி.
அவனுக்கு அதெல்லாம் தெரியாது.
அவனுக்குத் தெரிந்தது ஏழு.

சாக்பீஸை நானே நழுவவிட்டேன்.
மேசைக்கடியில் குனிந்தேன்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
அங்கேயே இருந்தேன். சிமெண்ட் தரை சில்லென்றிருந்தது.
மேசையின் அடியில் யாரோ ஒட்டிய பபிள்கம்,
அதில் ஒரு பல்லின் அச்சு.

"டேய், மிஸ்ஸோடது ஏதோ வுயுந்துடுச்சிடா!"

முப்பத்தொரு பேரும் தரையில் இறங்கினார்கள்.
முட்டி தேய, வயிறு தேய,
பெஞ்சுக்கடியில், கதவுக்குப் பின்னால்,
எதைத் தேடுகிறோம் என்று
ஒருவரும் கேட்டுக்கொள்ளாமல்.

மேசைமேல் வந்து சேர்ந்தன:
ஒரு சட்டைப் பொத்தான்.
மூடி தொலைந்த பேனா.
யாருடையதோ பால்பல்.
நாணயம் போல மின்னிய மீன் செதில்.
நிஜமாகவே ஓர் ஐந்து ரூபாய்.
போன வருடம் யார் கன்னத்திலோ நான் ஒட்டிய
'நல்ல பிள்ளை' நட்சத்திரம், பசை போய்.
இரண்டாக உடைந்த சாக்பீஸ்.

மணி அடித்துவிட்டது.
வெளியே ஷேர் ஆட்டோக்கள் கூப்பிடுகின்றன.
ஒருவரும் பையைத் தூக்கவில்லை.

மேசை விளிம்பில் தாடையை முட்டுக் கொடுத்து
ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்த்துகிறான் தேசப்பன்.
"இது உங்களோடதா மிஸ்?"
பொத்தான்.
"இது?"
நட்சத்திரம்.
"இது?"

அப்புறம், தன் முழங்கைக்கு அடியில்
இடைஞ்சலாகக் கிடந்த ஏட்டை
இரண்டு கையாலும் தள்ளி,

"இது?"