மூன்றாம் கோப்பை

ஆல்ஸ்ட் நகரத்தில், தேவாலயத்துக்குப் பின்புற மண்டபத்தில்
இருபத்திரண்டு வருடமாகக் காபி ஊற்றுகிறேன்
அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு.
முதல் கோப்பைக்கு அழுகை.
இரண்டாவதற்கு இறந்தவரின் நல்ல குணம்.
மூன்றாவதற்குள் அநேகமாக
லக்சம்பர்க் வந்துவிடும்.

இன்றைக்கு மண்ணுக்குள் போனவர் ரெமி.
கதை சொன்னவர் மைத்துனர் ஆஹில்.
எழுபத்தொன்பதில், பனி கொட்டும் ஒரு வியாழக்கிழமை
தள்ளுவண்டியில் பத்திரங்களைப் பரப்பி
மேலே பிள்ளையைக் கிடத்தி
எல்லை தாண்டினாராம் ரெமி.
சுங்க அதிகாரி குனிந்து
பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி
போகச் சொன்னாராம்.
அந்தப் பிள்ளைதான், மூத்தவன் யோரிஸ்,
கறுப்பு டை கட்டிக்கொண்டு
பன் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

மேசையே குலுங்கியது.
சைக்கிள் திருடிய பையனை
ஊரைவிட்டே துரத்தச் சொன்ன லிஸ்பெத்
கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துச் சிரித்தாள்.
"உயிரோடு இருக்கையில் கட்டியாயிற்று.
செத்தும் எதற்குக் கட்டணும்?"
பாதிரியார் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

பேச்சு அப்படியே திரும்பியது
இடுப்பு ஆபரேஷனுக்கு
ஏழு மாதம் காத்திருப்பதற்கு,
பிறகு கல்லறைத் தெருக் குழிக்கு.
சவ வண்டியே இறங்கி ஏறியதாம்.
அரசாங்கம் என்னதான் செய்கிறது?

அப்போதுதான் ஃபிர்மின், இளையவன்,
வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:
"நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.
அங்கே இருக்கிற பெட்டகம், தங்க நாணயம்,
அந்தச் சுவர்க் கடிகாரம்கூட."

சபையில் யாரோ காற்றுப் பிரித்த மாதிரி
ஒரு மௌனம்.
யோரிஸ் தம்பியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்,
காபி கேட்பவன் போல.
லிஸ்பெத் மெதுவாகக் கேட்டாள்,
"உடம்புக்கு ஒன்றுமில்லையே, ஃபிர்மின்?"

விடைபெறும்போது எல்லோரும் அவன் கையைப் பிடித்தார்கள்,
காலையில் பிடித்ததைவிட நீண்ட நேரம்.
அப்பாவுக்காக அல்ல.

நாற்காலிகளை அடுக்கி முடித்தபோது
யோரிஸ் ஓர் உறை கொடுத்தான்.
ஐம்பது யூரோ.
ரசீது நான் கொடுத்ததுமில்லை,
யாரும் கேட்டதுமில்லை.
ஏப்ரன் பையில் செருகிக்கொண்டேன்.

இருட்டில் சைக்கிளின் முன்சக்கரம்
குழிக்குள் இறங்கியது.
எந்தப் படுபாவி இதை, என்று வாயெடுத்தவள்
பாதியில் நிறுத்தி
விளக்கு எரிகிறதா என்று
குனிந்து பார்த்தேன்.
எரிந்துகொண்டுதான் இருந்தது.