கிடைத்த இடம்

நாலு கிராம் வெண்கலம்.
அரசனும் அரசியும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்,
கன்னத்தோடு கன்னம் ஒட்டி.
அரேத்தாஸ் தேய்ந்துவிட்டான்.
ஷகீலாத்தின் மூக்கு மட்டும் இன்னும் கூர்மை.

சாம்பிராணி விற்று
பாறைக்குள் ஊர் குடைந்த நபதேயர்.
ரோம் வந்தது, இந்த முகங்கள் நின்றுபோயின்.

பூம்புகாரில் அலை ஒதுக்கிய காசென்றால்
விலை பத்து மடங்கு என்கிறார்
கும்பகோணத்து வியாபாரி.
"அப்படியே எழுதுங்க சார்,
யார் வந்து கேக்கப்போறா?"

வானகிரியில் கரண்ட் போன இரவு.
உறைமேல் பென்சிலை வைத்தேன், எடுத்தேன்.
மிளகு ஏற்ற வந்த கப்பல் ஒன்று
இவளையும் கொண்டுவந்திருக்கக் கூடாதா?

எழுதினேன்:
அம்மான், பழைய இரும்புக் கடை.
லாரி ஓட்டும் அமீருதீன்
பேரீச்சம்பழ டப்பாவில் போட்டுக் கொடுத்தது.

அரசியின் மூக்கில்
இன்னும் கொஞ்சம் பிசுக்கு.