கடல் வருகுதாமே

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது
ஓர் இரவு.
ஐப்பசி. மழை விட்டிருந்தது.
ஒன்பது இருபதிலிருந்து பதினொன்றேகால் வரை
எழுவான்கரை எழும்பி
பட்டிருப்புப் பாலத்தால்
படுவான்கரைக்கு ஓடிய இரவு.

கடல் வரவில்லை.
வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது.
ஒருவரும் சாகவில்லை. பாலத்தில் விழுந்து
புவிராஜசிங்கத்தின் கணுக்கால் முறிந்தது.
யாரோ ஒரு வீட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

வந்தாறுமூலையில் இதற்கு நீளமாய் ஒரு தலைப்பு வைத்தோம்.
சமூக ஊடகம், தாக்கம், கரையோரம்,
மூன்றையும் எப்படியோ அதற்குள் இருத்தினோம்.
நூற்றுப் பன்னிரண்டு வினாக்கொத்து.
'இச்செய்தியை எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?'
ஓட்டோ கிருபைரட்ணம் சிரித்தார்:
"ஓடுற நேரம் எண்ணிக்கிட்டா தங்கச்சி ஓடுற?"
அவருடைய கைப்பேசி எண்ணி வைத்திருந்தது.
நாற்பத்தொன்று.

கேட்டுக் கேட்டுப் பின்னால் நடந்தேன்.
பெரியகல்லாற்றில் 'கடல் வந்திட்டு.'
அதற்கு முந்தின கை
களுவாஞ்சிகுடி மருந்துக்கடை: 'கடல் வருகுது.'
அதற்கும் முன்னால் கட்டார்,
எட்டுப் பேர் படுக்கும் அறை,
ஒருவர் ஊருக்குத் திருப்பி அனுப்பியது: 'கடல் வருகுதாம்.'
வெளிநாட்டிலிருந்து வந்ததால்
எல்லோரும் நம்பினார்கள்.

இடையில் உதிர்ந்தது ஓர் 'ஆம்'.
எழுத்தில் பார்த்தால் ஒரு நெடில், ஒரு மெய்.
அதைக் கீழே போட்டுவிட்டுப்
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

முதல் குரல்பதிவு பதினொரு செக்கன்.
கோட்டைக்கல்லாறு, தவமலர்.
கட்டாரில் இருக்கும் கணவனுக்கு:
"இஞ்ச கடல் வருகுதாமே,
உங்களுக்கு ஏதும் தெரியுமா?"
பின்னால் நாய் குரைக்கிறது. ஒரு சட்டிமூடி விழுகிறது.

யார் சொன்னது அக்கா?

"ஒருத்தரும் சொல்லல்ல புள்ள.
சத்தம் ஒரு மாதிரிக் கிடந்திச்சு.
கேக்கிறதெண்டா அப்பிடித்தானே கேக்கிறது."

கதவுக்கு மேலே இரண்டு படங்கள்,
இரண்டின் கீழும் ஒரே தேதி.
வினாக்கொத்தில் அதற்குக் கேள்வி இல்லை.

மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையால் எழுதினார்:
'வதந்தியின் மூலம் இவரே எனத் தெளிவாகக் குறிப்பிடவும்.'
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.
இரண்டு புள்ளி குறையும், பரவாயில்லை.
அந்த இரவு முழுக்க, நூற்றுப் பன்னிரண்டு பேரில்
கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான்.

சம்மதப் படிவத்தோடு மறுகாவும் போனேன்.
பேனையை வாங்கியவள்
கையெழுத்து வைக்காமல்
படிவத்தின் அரச இலச்சினை மாதிரியான சின்னத்தையே பார்த்தாள்.
அது எங்கள் பல்கலைக்கழகத்தினுடையது.

"பொய்ச்செய்தி அனுப்பினாப்
பிடிச்சுக்கொண்டு போறாங்களாமே?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
பதிவுக்கருவியை நிறுத்தினேன்.