பென்சில் கணக்கு

வெள்ளி இரவு
வெள்ளவத்தை அறையில் பென்சில் சீவுகிறேன்.
அங்கே கட்டர் கொண்டுபோகக் கூடாது,
உள்ளே ஒரு சின்ன அலகு இருக்கிறதே.
நுனியும் கூராயிருக்கக் கூடாது.
சீவியதைப் பழைய பேப்பரில் தேய்த்து மழுக்குகிறேன்.
கூட இருக்கிற நிலோஜினி கேட்கிறாள்:
பிறகேன் சீவுகிறாய்?

சனி காலை 154.
வாசலில் சிரியலதா மிஸ்ஸி என் பையைத் திறக்கிறார்.
ஊக்கு, சால்வை, மாலை எல்லாம்
அவருடைய லாச்சிக்குள்.
எக்காய், தெக்காய் என்று பென்சில்களை எண்ணி
பச்சை மட்டைக் கொப்பியில் பன்னிரண்டு.
கீழே என் கையெழுத்து.

எட்டுப் பிள்ளைகள்.
எவருடைய சப்பாத்திலும் நாடா இல்லை.
இழுபடுகிற சத்தத்தை வைத்தே
வருவது யாரென்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஹன்சமாலி வட்டம் மட்டும் வரைவாள்
தாள் கிழியும்வரை.
அர்ஷக் எனக்கு வேலை வைப்பான்:
யானை கீறுங்கோ. நிற்கிற யானை இல்லை,
படுத்திருக்கிறது. நித்திரையும் இல்லை,
சும்மா படுத்திருக்கிறது.

யதுகுலன் எதுவும் கீறுவதில்லை.
பென்சிலை வாங்கிப் பல்லிடுக்கில் வைத்தபடி
யன்னலோரம் இருப்பான்.
பதினொன்றரைக்குத் திருப்பித் தருவான்,
ஈரத்தோடு.

முதல் மாதம் அவனைக் கதைக்கவைக்கப் பார்த்தேன்.
ஊர், பள்ளிக்கூடம், பிடித்த சாப்பாடு.
ஒருநாள் மேசையைப் புரட்டினான்,
முழங்காலில் தழும்பு இருக்கிறது.
பிறகு கேட்பதை விட்டுப்
பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்தேன்.
சில கிழமை ஒரு சுளை எடுப்பான்.
சில கிழமை இல்லை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்,
இரண்டு மாதத்தில் நிற்பதானால்
இன்றைக்கே நின்றுவிடுங்கள் என்று.
எட்டாவது கிழமை, பொரளைச் சந்தியில்,
இறங்காமல் இருக்கலாமா என்று நினைத்தேன்.
கொண்டக்டர் தட்டிவிட்டதால் இறங்கினேன்.

போன சனி மழை.
இருபது நிமிடம் பிந்திப் போனேன்.
முடிவில் மிஸ்ஸி எண்ணினார்.
பதின்மூன்று.
திரும்ப எண்ணினார்.

குறைந்தால் செய்யவேண்டியது
சுவரில் மும்மொழியிலும் ஒட்டியிருக்கிறது:
கதவைப் பூட்டு, மெத்தைகளைத் தூக்கு, அறிவி.
கூடினால் என்ன செய்வதென்று
ஒரு மொழியிலும் இல்லை.

பதின்மூன்றாவது
என் சுண்டுவிரலில் பாதி.
சிவப்புக் கறுப்புக் கோடு, நான் வாங்குவதோ மஞ்சள்.
எனக்கு முன் வந்து
வராமற்போன யாருடையதோ.
மரம் முழுக்கப் பல்.
எந்த மடிப்புக்குள்,
எத்தனை மெத்தைச் சோதனைக்குத் தப்பி.

யதுகுலன்
கண்ணாடியில் மூச்சு விட்டு
அதை அழித்துக்கொண்டிருந்தான்.

மிஸ்ஸி கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பன்னிரண்டு என்று எழுதினார்.
துண்டை என் பைக்குள் போட்டுச்
சிப்பை இழுத்தார்.
ஹரி, லபன சதியே.

இன்று வெள்ளி.
பன்னிரண்டும் மழுங்கியாயிற்று.
அந்தத் துண்டைக்
கட்டருக்குள் விட்டால் பிடித்துத் திருக
விரலுக்கு இடமில்லை.
நிலோஜினி சமையலறைக் கத்தியைக் கொண்டுவருகிறாள்,
தா, நான் பார்க்கிறேன் என்று.